ஏணியும் முட்டை ஓடும்

"ஏழு பேர் உட்காரணும். கொல்லிமலை ஏறணும். அம்மாவுக்கு இடுப்பு வலிக்கக் கூடாது."

நாமக்கல்லில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரர் புது வண்டி வாங்க முடிவு செய்தபோது விதித்த நிபந்தனைகள் இந்த மூன்றும்தான். நான் போயிருந்த அன்று ஷோரூமில் கொடுத்த இரண்டு புத்தகங்கள் மேசையில் விரித்துக் கிடந்தன. ஒன்று மஹிந்திராவின் எக்ஸ்யூவி700, மற்றொன்று அதே நிறுவனத்தின் ஸ்கார்பியோ-என். மச்சான் ஒரு வாரமாக இரண்டையும் புரட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ரெண்டும் ஒரே கம்பெனி. ரெண்டுலயும் ஏழு சீட்டு. இன்ஜினும் கிட்டத்தட்ட ஒண்ணு. அப்புறம் எதுக்கு மாப்பிள்ளை ரெண்டு வண்டி?"

அருமையான கேள்வி. புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. பதில் வண்டிக்கு அடியில் இருக்கிறது.

முதலில் அளவுகளைப் பார்ப்போம். 2021-இல் அறிமுகமான எக்ஸ்யூவி700-இன் நீளம் 4,695 மில்லிமீட்டர். 2022 ஜூனில் வந்த ஸ்கார்பியோ-என் 4,662. வித்தியாசம் 33 மில்லிமீட்டர், அதாவது இரண்டு விரல் அகலம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி இரண்டிலும் துல்லியமாக 2,750 மில்லிமீட்டர். ஒரே வம்சத்து 2.2 லிட்டர் டீசல் இன்ஜின், உயர்ந்த ரகங்களில் எக்ஸ்யூவிக்கு 185 குதிரைத்திறனும் ஸ்கார்பியோவுக்கு 175 குதிரைத்திறனும் தருகிறது. மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம், சோதனை ஓட்டப் பாதை செய்யாறு பக்கம். ஆக, இவை நம் ஊர் வெயிலும் மண்ணும் அறிந்த வண்டிகள்.

இவ்வளவு ஒற்றுமை இருந்தும் ஓட்டிப் பார்த்தால் இவை வேறு வேறு பிராணிகள். ஒன்று நண்டைப் போல மேலோட்டின் பலத்தால் நிற்பது. மற்றொன்று மாட்டைப் போல முதுகெலும்பினால் நிற்பது.

தீப்பெட்டி சொல்லும் பாடம்

வீட்டில் ஒரு தீப்பெட்டி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். உள்பெட்டியை மட்டும் உருவி, குச்சிகளைக் கொட்டிவிட்டு, இரு முனைகளையும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சிரமமே இல்லாமல் முறுகும். இப்போது அதே பெட்டியை வெளியுறைக்குள் செருகி மறுபடி முறுக்குங்கள். விரல்தான் வலிக்கும், பெட்டி அசைந்து கொடுக்காது. அட்டையின் கனம் பெரிதாகக் கூடிவிடவில்லை. நான்கு சுவர்களும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொண்டன, அவ்வளவுதான். மூடிய குழாய்க்குள் முறுக்கு விசை சுவர்களைச் சுற்றி ஓடிப் பரவிவிடுகிறது. திறந்த பெட்டியில் அது பாதி வழியில் அறுந்து, அட்டையை வளைத்துவிடுகிறது.

எக்ஸ்யூவி700 அந்த மூடிய தீப்பெட்டி. தரை, கூரை, கதவுத் தூண்கள், பக்கச் சுவர் எல்லாமே சேர்த்துப் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக நிற்கும். இதற்குத் தனியாக 'சேஸிஸ்' என்று ஒன்று கிடையாது. உடம்பேதான் சட்டம். பொறியாளர்கள் இதை மோனோகாக் என்கிறார்கள். ஒற்றை ஓடு என்பது அதன் பொருள். கோழிமுட்டையின் ஓடு எவ்வளவு மெல்லியது! ஆனாலும் உள்ளங்கையில் வைத்துச் சீராக அழுத்தினால் எளிதில் உடையாது. பலம் கனத்தில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-இல் காட்டிய லாம்ப்டா காரும், பிரான்சில் சித்ரோயன் 1934-இல் கொண்டுவந்த திராக்ஸியோன் அவாந்த் காரும் இந்த யோசனையைச் சாலைக்குக் கொண்டுவந்த முன்னோடிகள். இன்று உலகில் ஓடும் கார்களில் பெரும்பாலானவை இந்த வழியில் வந்தவை.

ஸ்கார்பியோ-என் வேறு மரபு. அதன் அடியில் இரண்டு நீளமான எஃகுச் சட்டங்கள் முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன. இடையிடையே குறுக்குச் சட்டங்கள். மேலிருந்து பார்த்தால் படுக்க வைத்த ஏணி மாதிரி தெரியும். பெயரும் ஏணிச் சட்டம்தான். இன்ஜின், சக்கரங்கள், ஸ்பிரிங் எல்லாம் அந்த ஏணியில் பிணைந்திருக்கும். நாம் உட்காரும் கூடு அதன் மேல் ரப்பர் மெத்தைகள் வைத்துப் பொருத்தப்படும். லாரிகளும் பல பஸ்களும் இந்த மரபுதான். கல்லில் மோதும் அடியையும், பின்னால் இழுக்கும் பாரத்தையும் நேரடியாக வாங்கிக்கொள்வது அந்தத் தடித்த எஃகு. வாழ்நாள் முழுக்கக் குழியிலும் மேட்டிலும் உழலும் வண்டிக்கு அது பெரிய பலம்.

அதற்கு ஒரு விலை உண்டு. ஏணி எடை கூட்டும். அதன் மேல் தரை அமைவதால் தரை உயரும். தரை உயர்ந்தால் கூரையும் உயரும். ஸ்கார்பியோ-என் அறிமுகமானபோது உயரம் 1,857 மில்லிமீட்டர், எக்ஸ்யூவி700 1,755 மில்லிமீட்டர். இந்தப் பத்து சென்டிமீட்டரைப் பிறகு கவனிப்போம்.

1784-இன் நீராவி இயந்திரம் உங்கள் சீட்டுக்கு அடியில்

அத்தையின் இடுப்புக்கு வருவோம். மச்சானின் அம்மாவுக்கு வயது எழுபத்திரண்டு. வேகத்தடையில் வண்டி தூக்கிப்போட்டால் அவருக்கு அன்று இரவு தூக்கம் போகும்.

எக்ஸ்யூவியின் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனி. இடது சக்கரம் குழியில் இறங்கினால் வலது சக்கரத்துக்கு அது தெரியாது. ஸ்கார்பியோவில் பின்சக்கரங்கள் இரண்டையும் கனமான ஒரே அச்சு இணைக்கிறது. மாட்டுவண்டியில் நாம் பார்த்த அதே அமைப்பு. ஒரு பக்கம் ஏறினால் மறுபக்கமும் சாயும். மேலும், ஸ்பிரிங்குக்குக் கீழே எவ்வளவு எடை துள்ளுகிறதோ, அவ்வளவு உதறல் மேலே வரும். முழு அச்சும் துள்ளும்போது சின்னச் சின்ன மேடுகள்கூட உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும்.

ஆனால் இதே பிணைப்பு கரடுமுரடான பாதையில் வரமாகிறது. பாறை ஒரு சக்கரத்தை மேலே தள்ளும்போது, அச்சு துலாக்கோல்போலச் சாய்ந்து மறுசக்கரத்தைக் கீழே அழுத்துகிறது. அந்தச் சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. தார்ச்சாலையில் குறை என்று தோன்றியது காட்டுப்பாதையில் நிறை.

இந்த அச்சில் ஒரு பழைய சிக்கல் உண்டு. அச்சு மேலும் கீழும் போக வேண்டும், பக்கவாட்டில் நகரக் கூடாது. பல வண்டிகளில் அச்சின் ஒரு முனையையும் சட்டத்தையும் ஒரு நீளக் கம்பியால் இணைத்துவிடுவார்கள். கம்பியின் ஒரு நுனி நிலையாக இருப்பதால் மறுநுனி கவராயம்போல வில்வடிவில்தான் நகரும். எனவே ஒவ்வொரு மேட்டிலும் அச்சு கொஞ்சம் பக்கவாட்டில் இழுபடும். ஓட்டுபவருக்கு வால் ஆடுவதுபோல இருக்கும்.

ஸ்கார்பியோ-என் இதற்குப் பயன்படுத்தும் அமைப்புக்கு 'வாட் இணைப்பு' என்று பெயர். ஆம், நீராவி இயந்திரத்து ஜேம்ஸ் வாட். மேலும் கீழும் நேராக நகரும் பிஸ்டனை, வில்லாக வளைந்து அசையும் பெரிய உத்தரத்தோடு இணைப்பது எப்படி என்ற கேள்வி அவரை வாட்டியது. அதற்கு அவர் 1784-இல் காப்புரிமை பெற்ற விடைதான் இது. தன் கண்டுபிடிப்புகள் அத்தனையிலும் இதைப் பற்றியே அதிகம் பெருமைப்படுவதாக வயதான காலத்தில் மகனுக்கு எழுதினார்.

அன்று மச்சான் வீட்டு மேசையிலேயே ஒன்று செய்து காட்டினேன். கல்யாணப் பத்திரிகை அட்டையில் பத்து சென்டிமீட்டர் நீளத்தில் இரண்டு பட்டைகள், நாலு சென்டிமீட்டரில் ஒன்று. குட்டைப் பட்டையைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் மேல்முனையிலிருந்து ஒரு பட்டை இடப்பக்கம், கீழ்முனையிலிருந்து இன்னொன்று வலப்பக்கம். மூலைகளில் குண்டூசி. நீளப் பட்டைகளின் வெளிமுனைகளை ஒரு தெர்மாகோல் பலகையில் குத்திவிட்டு, குட்டைப் பட்டையின் நடுவில் துளையிட்டுப் பென்சில் நுனியை நுழைத்தேன். அக்கா மகள் பென்சிலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தாள். இரண்டு பட்டைகளும் வில்லாகத்தான் சுழல்கின்றன. ஆனால் ஒன்று இடப்பக்கம் இழுக்கும்போது மற்றது அதே அளவு வலப்பக்கம் இழுக்கிறது. நடுவில் இருந்த பென்சில் வரைந்தது ஏறக்குறைய நேர்கோடு! அவள் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, ரெண்டு கோணல் சேர்ந்து ஒரு நேரா?" என்று கேட்டாள். அதைவிட நன்றாக என்னால் விளக்க முடியாது.

இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த நேர்கோடுதான், வளைவில் திரும்பும்போது ஸ்கார்பியோவின் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்துகிறது.

எழுபது வளைவுகள்

அடுத்தது கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். இங்கே இரண்டு விஷயங்கள் வேலை செய்கின்றன.

ஒன்று, எந்தச் சக்கரம் இழுக்கிறது என்பது. எக்ஸ்யூவியில் இன்ஜின் குறுக்காக அமர்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. ஸ்கார்பியோவில் நெடுக்காக அமர்ந்து, அடியில் ஓடும் தண்டு வழியாகப் பின்சக்கரங்களைத் தள்ளுகிறது. ஏற்றத்தில் எடை பின்னோக்கிச் சாயும். மூன்றாம் வரிசையில் ஆளும் டிக்கியில் பையும் ஏறினால் இன்னும் பின்னோக்கிப் போகும். பிடிப்பு எடையைப் பொறுத்தது. எனவே முழுச் சுமையோடு சேற்று ஏற்றத்தில் பின்சக்கர வண்டிக்குச் சாதகம். நான்கு சக்கரமும் இழுக்கும் ரகம் இரண்டிலும் உண்டு. ஆனால் ஸ்கார்பியோவின் அந்த ரகத்தில் 'லோ' கியர் என்று தனியாக ஒன்று இருக்கிறது. வேகத்தைக் கொடுத்து இழுவிசையை வாங்கிக்கொள்ளும் கியர் அது. இருந்தாலும் கொல்லிமலைச் சாலை தார் போட்டது. காய்ந்த தாரில் இரண்டு வண்டியும் தயங்காமல் ஏறும். இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டாவது, அந்தப் பத்து சென்டிமீட்டர் உயரம். தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை எவ்வளவு தள்ளினாலும் கவிழாததற்குக் காரணம், அதன் எடை முழுக்க அடியில் இருப்பது. வண்டிக்கும் அதே விதி. இடது டயருக்கும் வலது டயருக்கும் உள்ள தூரத்தில் பாதியை எடுத்து, வண்டியின் எடைமையம் இருக்கும் உயரத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு கவிழும் அபாயத்தை அளக்க இந்த எண்ணைப் பயன்படுத்துகிறது. சாதாரண கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை. எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும். எஸ்யூவி வாங்கும் எல்லோரும் இதை மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உயரமாக உட்காருவதால் வரும் தைரியம் வேறு, வண்டியின் நிலைத்தன்மை வேறு. கூரையில் கேரியர் போட்டு மூட்டை ஏற்றினால் அந்த எண் இன்னும் இறங்கும்.

உயரத்துக்குக் காற்றும் வரி வாங்கும். அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிப் பார்த்தால், ஸ்கார்பியோ காற்றுக்குக் காட்டும் முகம் எக்ஸ்யூவியைவிடச் சுமார் 7 விழுக்காடு பெரிது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாக ஏறும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் வண்டியை 110-க்கு அழுத்தினால் தடை ஏறக்குறைய இரு மடங்கு. நெடுஞ்சாலையில் டீசல் எங்கே போகிறது என்பதற்கு இதுதான் விடை.

நட்சத்திரங்களை எண்ணும் முறை

மச்சான் முக்கியமாகக் கேட்டது பாதுகாப்பு. "ரெண்டுமே அஞ்சு ஸ்டார்தானே?"

பெரியவர்களுக்கான பாதுகாப்பில் இரண்டும், கார்களை மோதவிட்டுப் பார்க்கும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் ஐந்து நட்சத்திரம் பெற்றவை. குழந்தைகளுக்கான பாதுகாப்பில் எக்ஸ்யூவி700-க்கு நான்கு, ஸ்கார்பியோ-என்னுக்கு மூன்று. ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. எக்ஸ்யூவி 2021-இல் பழைய விதிகளின்படி சோதிக்கப்பட்டது. மொத்தம் 17-க்கு 16.03 வாங்கியது. ஸ்கார்பியோ 2022 டிசம்பரில், பக்கவாட்டு மோதலையும் சேர்த்துக் கடுமையாக்கப்பட்ட விதிகளில் 34-க்கு 29.25 வாங்கியது. வேறு வேறு கேள்வித்தாள் எழுதிய இரண்டு மாணவர்களின் மதிப்பெண்ணை அருகருகே வைத்து ஒப்பிட முடியாது.

அதைவிடப் பெரிய செய்தி இன்னொன்று. 2016-இல் ஏர்பேக் இல்லாத பழைய ஸ்கார்பியோவை இதே அமைப்பு மோதிப் பார்த்தபோது கிடைத்தது பூஜ்ஜிய நட்சத்திரம். அதுவும் ஏணிச் சட்டம்தான், இதுவும் ஏணிச் சட்டம்தான். ஆறே ஆண்டில் பூஜ்ஜியத்திலிருந்து ஐந்து. ஏணி என்றாலே ஆபத்து என்பதும், கனமான வண்டி என்றாலே பத்திரம் என்பதும் இரண்டுமே தவறு. உள்ளே என்ன செய்திருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

அந்த அமைப்பின் முன்மோதல் சோதனையில் வண்டி மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில், முகப்பின் 40 விழுக்காடு மட்டும் படும்படி ஒரு தடுப்பில் மோதுகிறது. 64 வேகத்தில் மோதுவதும், 16 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஐந்தாம் மாடியிலிருந்து விழுவதும் ஒன்று. 100-இல் மோதினால் பதின்மூன்றாம் மாடி. வேகம் ஒன்றரை மடங்கு ஏறினால் மோதலின் ஆற்றல் இரண்டே கால் மடங்காகும்.

இந்த ஆற்றலை எங்கே கொண்டுபோய்ச் செலவழிப்பது? மெர்சிடிஸ் நிறுவனப் பொறியாளர் பேலா பரேன்யி 1950-களின் தொடக்கத்திலேயே விடை கண்டார். முகப்பு நசுங்கட்டும், நடுக்கூடு நசுங்கக் கூடாது. 60 வேகத்தில் போகும் வண்டியின் முகப்பு 60 சென்டிமீட்டர் மடங்கி நின்றால், உள்ளே இருப்பவர்மேல் அவர் எடையைப்போல் சுமார் 24 மடங்கு விசை இறங்கும். முகப்பு மடங்காமல் 10 சென்டிமீட்டரில் நின்றுவிட்டால் அது 140 மடங்கு. நசுங்கிய பம்பரைப் பார்த்து "தகரம் மாதிரி இருக்கு" என்று சொல்கிறோமே, அந்தத் தகரம்தான் விலா எலும்பைக் காப்பாற்றியது.

அதே கணக்கை மடியில் இருக்கும் 15 கிலோ குழந்தைக்குப் போட்டுப் பாருங்கள். மோதும் அந்தக் கணத்தில் குழந்தையின் பாரம் சுமார் 350 கிலோ. எந்தத் தாயின் கையாலும் அதைப் பிடிக்க முடியாது. வால்வோவின் நில்ஸ் போலின் 1959-இல் தந்த மூன்று முனைப் பெல்ட்டும், குழந்தைக்கான தனி இருக்கையும் மட்டுமே பிடிக்கும்.

இன்னொரு உண்மையும் சொல்ல வேண்டும். அந்த முன்மோதல் சோதனையில் முன் இருக்கைகளில் பெரியவர்களின் பொம்மைகளும், நடுவரிசையில் குழந்தைப் பொம்மைகளும் இருந்தன. மூன்றாம் வரிசையில் யாரும் இல்லை. ஏழு பேருக்கு வண்டி வாங்குகிறவர், அந்த வரிசையில் பெல்ட் எப்படி, தலைத் தாங்கி எந்த உயரம் வரை வரும், பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அதுவரை நீள்கிறதா என்பதைத் தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

குடும்பத்தோடு ஒரு டெஸ்ட் டிரைவ்

மறுநாள் மச்சானிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: தனியாகப் போகாதீர்கள். காலி வண்டியை நல்ல சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ஆறு பேராகப் போனோம். தெரிந்த ஒரு கரடுமுரடான சாலையில், ஒரே வேகத்தடையை, ஒரே வேகத்தில், இரண்டு வண்டியிலும் கடந்தோம். ஒவ்வொரு முறையும் இடம் மாறி உட்கார்ந்தோம்.

அத்தை மூன்றாம் வரிசையில் ஏறிப் பார்த்தார். இரண்டிலுமே முழங்கால் நெஞ்சை நோக்கி உயர்ந்துவிட்டது. பின்சக்கர அமைப்பு மேலும் கீழும் அசைய அடியில் இடம் வேண்டும், அதனால் அங்கே தரை உயர்கிறது, கால் தொங்க ஆழம் கிடைப்பதில்லை. "இது பிள்ளைகளுக்குத்தான் தம்பி, எனக்கு ஆகாது" என்று இறங்கிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தில் வீட்டின் இருக்கை வரிசை முடிவாகிவிட்டது. நடுவரிசையில் உட்கார்ந்து வேகத்தடையைக் கடந்தபோது எக்ஸ்யூவியில் அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஸ்கார்பியோவில் ஒரு கணம் நிறுத்தி, முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார்.

மச்சான் ஒரு தாளில் தன் ஓராண்டுப் பயணங்களை எழுதினார். சேலம், சென்னை, திருச்சி, பிள்ளைகளின் பள்ளி, வருடத்துக்கு இரண்டு முறை கொல்லிமலை. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் தார்ச்சாலை. எக்ஸ்யூவியை எடுத்தார். அதே வாரத்தில், ஏற்காட்டுப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் அவர் நண்பர் ஸ்கார்பியோ-என் எடுத்தார். அவர் வீட்டுக்குக் கடைசி மூன்று கிலோமீட்டர் மண் ஏற்றம். மழைக்காலத்தில் சாலையே ஓடையாகிவிடும். இருவர் முடிவும் சரி.

மச்சான் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். சாலை முடியும் இடத்தில் உங்கள் பயணமும் முடிந்தால், ஓட்டினால் ஆன வண்டி. சாலை முடிந்த பிறகும் உங்கள் பயணம் தொடர்ந்தால், ஏணியின் மேல் நிற்கும் வண்டி. திரையின் அகலமும் கூரைக் கண்ணாடியும் பிறகு வரட்டும். நீங்கள் வாங்கப்போகும் நாளில் வண்டிகளின் பெயரும் வசதிகளும் மாறியிருக்கலாம். எந்த நிறுவனத்தின் எந்த இரண்டு வண்டியை ஒப்பிட்டாலும் முதலில் குனிந்து அடியில் பாருங்கள்.

எதை வாங்கினாலும் மூன்று காரியங்கள் செய்யுங்கள். ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் டயர் காற்றழுத்த அட்டை ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். முழுச் சுமைக்கு எவ்வளவு காற்று என்பதைப் படித்து, ஏழு பேர் ஏறும் நாளில் அந்த அளவுக்கு அடியுங்கள். கனமான பைகளைக் கூரையில் ஏற்றாமல் தரையோடு தரையாக வையுங்கள். வண்டி நகரும் முன் திரும்பிப் பார்த்து, மூன்றாம் வரிசையில் இருக்கும் பிள்ளைகளும் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள்.